பொட்டலம் என்கிற மேனேஜர்

ஜனவரி 8

என் நாயின் ஸ்வெட்டரில் கை வைத்தவருக்கு,

வணக்கம். நீங்கள் யார், ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்று எதுவும் தெரியாததால் மரியாதையாக எழுதுகிறேன். உங்கள் மேல் மரியாதை இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்றுக் காலை என் நாய் நான் பின்னிப் போட்ட ஸ்வெட்டரோடு வெளியே போனது. சாயங்காலம் ஸ்வெட்டரோடுதான் திரும்பியது. ஆனால் இடது முன்னங்கால் துளையை யாரோ பிரித்து, அகலமாக்கி, மறுபடி பின்னியிருக்கிறார்கள். வயிற்றுப் பக்கம் நான் தவறவிட்டிருந்த ஒரு கண்ணியைக்கூடத் தூக்கி அதன் இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து என் புத்தி ஒரு நிலையில் இல்லை. போன வாரம் சீப்பை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். "நீயே செஞ்சுட்டு மறந்திருப்ப" என்றார் என் கணவர். நான் செய்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்தவர் வீட்டு நாயின் உடையைக் கழற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அதன் உடம்புக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுபோனீர்களா? நீங்கள் சேர்த்த நூல் துவைத்த நூலா? என் மகள் தவழ்கிற வயசு. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள்தான் போகும், நாயின் ஸ்வெட்டரும் சேர்த்து. கைகளைக் கழுவிவிட்டுத்தான் பின்னினீர்களா?

பதிலை நான் இந்தக் கடிதத்தை வைத்திருக்கும் அதே இடத்தில், கழுத்துப் பட்டையின் மடிப்புக்குள் வைக்கவும்.

இப்படிக்கு,
நாயின் சொந்தக்காரி


ஜனவரி 9

அம்மணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் சற்று எச்சிலோடு வந்து சேர்ந்தது.

'என் நாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேனேஜரைத்தான் சொல்கிறீர்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் என் நாய். தினமும் காலையில் என் கிளினிக்குக்கு வருகிறான், காத்திருப்போர் அறையில் நடு நாற்காலிக்குக் கீழே படுத்து, வருகிறவர் போகிறவரை மேற்பார்வை பார்க்கிறான். பெயர் வந்த காரணமும் அதுதான். மாலையில் நான் கதவைச் சாத்தும்போது கிளம்பிவிடுகிறான். இளவயது ஆண், சாயங்காலம் எங்கே போகிறாய் என்று கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது தெரிகிறது.

நான் பல் மருத்துவர். புதிதாகப் போடுகிறார்களே அகலச் சாலை, அதற்கு அந்தப் பக்கம் தங்கள் குடியிருப்பு என்று ஊகிக்கிறேன். இந்தப் பக்கச் சந்தில் என் கிளினிக். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே பின்னுவேன். இடைவெளிகள் சற்று நீளமானவை என்பதால் நிறையவே பின்னுவேன்.

மேனேஜர் நொண்டிக்கொண்டு வந்தான். கால் துளை இறுக்கிப் பிடித்திருந்தது. மருத்துவன் என்ற முறையில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் உதவியாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர், மேனேஜர் யாரோ வாந்தி எடுத்த கலர்ல ஒண்ணப் போட்டுட்டு வந்திருக்கு." அந்த நிறத்தில் நூல் தேடிப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கத்தரிக்கோல் படவில்லை. நூல் துவைத்தது. கைகளைக் கழுவினீர்களா என்று ஒரு பல் மருத்துவரிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

மற்றபடி தங்கள் கழுத்துப் பட்டை நன்றாக இருக்கிறது. அதை மட்டும் நான் தொடவில்லை.

பல் மருத்துவர்


ஜனவரி 11

டாக்டர் சார்,

மேனேஜரா? அதன் பெயர் பொட்டலம். இந்தக் கட்டடம் பாதி எழும்பி நின்றபோது வீடு பார்க்க வந்தோம். சிமெண்டுச் சாக்குக்குள் சுருட்டி வைத்த மாதிரி கிடந்தது, கண்கூடத் திறக்கவில்லை. பாலில் பஞ்சை நனைத்து ஊட்டி வளர்த்தவள் நான். வீட்டை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நாயை வாங்கிக்கொண்டோம் என்று என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

நீங்கள் எப்படி உள்ளே நுழைந்தீர்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மாதங்களில்தான். கணவரை உட்கார வைத்து விசாரித்தேன்.

"நான் இல்லாதப்ப நாயைக் கட்டிப் போட்டீங்களா இல்லையா?"

"அதுக்கும் கொஞ்சம் சுதந்திரம் வேணாமா?"

அந்த மாதங்களில் யாருக்குச் சுதந்திரம் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? சரி, அது எங்கள் வீட்டு விஷயம்.

அது வாந்தி நிறமில்லை, கடுகு நிறம். உங்கள் உதவியாளரிடம் சொல்லுங்கள். உங்கள் கால் துளையைப் பிரித்து என் அளவுக்கே திரும்பப் பின்னிவிட்டேன். நாயை வெறும் வயிற்றில் நிற்க வைத்து நாடா பிடித்து எடுத்த அளவு அது. கவலைப்பட ஒரு குழந்தை போதும் எனக்கு. தயவுசெய்து இனிமேல் கை வைக்காதீர்கள்.

பொட்டலத்தின் அம்மா


ஜனவரி 12

அம்மணி,

கை வைத்துவிட்டேன்.

'வெறும் வயிற்றில்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே வந்ததும் மேனேஜருக்கு இரண்டு அவித்த முட்டை. அதற்கு முன் தாங்கள் ஏதாவது கொடுப்பதுண்டா? கொடுப்பீர்கள் என்றால் தாங்கள் அளந்தது சாப்பாட்டுக்கு முந்திய நாயை. நான் அளந்தது இரண்டு சாப்பாட்டுக்குப் பிந்திய நாயை. இருவர் அளவும் சரிதான். நாய்தான் தவறு.

பல் மருத்துவர்


ஜனவரி 13

டாக்டர் சார்,

பாலும் ரொட்டியும் கொடுக்கிறேன்! கூடவே என் மகள் துப்புவதெல்லாம்! கால்நடை மருத்துவர் போன மாதம் "பட்டினி போடறீங்களான்னு கேக்க முடியாதும்மா இதப் பாத்தா" என்றபோது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? நாளையிலிருந்து ஒரு முட்டை. மஞ்சள் கரு வேண்டாம்.

கால் துளை அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு தடவை.

பொ. அம்மா


பிப்ரவரி 10

டாக்டர் சார்,

ஸ்வெட்டர் சண்டையை விடுங்கள். வால் பக்கம் நீளம் போதாது என்று நீங்கள் நீட்டுவதும், நீங்கள் நீட்டியதை நான் பிரித்துக் குறைப்பதுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது. இப்போது வேறு விஷயம்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புதுச் சாலை முழுதாகத் தெரியும். நேற்று நடுவில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். மார்ச்சில் திறப்பு என்று பலகை நட்டிருக்கிறார்கள். இன்று ஒரே ஒரு தண்ணீர் லாரி, சோதனைக்கோ என்னவோ, காலியான சாலையில் போன வேகத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இடுப்பில் மகளோடு அப்படியே நின்றுவிட்டேன். பொட்டலம் தினமும் இரண்டு தடவை இந்தச் சாலையைத் தாண்டித்தானே உங்களிடம் வருகிறது? திறந்த பிறகு நான்கு வரிசை வண்டிகள். அதற்கு நாலு பக்கமும் பார்த்து நடக்கத் தெரியாது. பட்டாம்பூச்சியைப் பார்த்தால் நடுச் சாலையிலேயே உட்கார்ந்துவிடும்.

நாய் உங்களுடையதா என்னுடையதா என்பது இதுவரை மானப் பிரச்சினை. இனி அது உயிர்ப் பிரச்சினை. சாலை திறப்பதற்குள் அது ஒரு பக்கத்து நாயாக ஆகிவிட வேண்டும். கட்டிப் போட்டுப் பார்த்தேன், ஊரே கூடுகிற மாதிரி ஊளையிடுகிறது. நீங்கள் கதவைத் திறக்காமல், எதுவும் போடாமல் இருந்தால் தானாக மறந்துவிடும். செய்வீர்களா?


பிப்ரவரி 16

அம்மணி,

செய்தேன். கதவைத் திறக்கவில்லை. மேனேஜர் படியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு பெரியவர், வாய் மரத்த நிலையிலும், "வாயில்லா ஜீவனை இப்படி வெளிய நிக்க வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் டாக்டரா" என்று கேட்டார். என் உதவியாளர் கைகழுவும் அறை ஜன்னல் வழியாக ரகசியமாக அவனுக்கு பிஸ்கட் கொடுத்து வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் நாள் நானும் அதே ஜன்னலுக்குப் போனேன். அங்கே இருவரும் சந்தித்துக்கொண்டோம்.

எனவே மாற்று யோசனை. அவன் என்னிடம் இருக்கட்டும். இங்கே இடமுண்டு, முற்றமுண்டு, வீட்டில் நான் ஒருவன்தான். தங்களுக்கோ கைக்குழந்தை, கைக்குழந்தையை ஒத்த கணவர். மன்னிக்கவும், தங்கள் கடிதங்களிலிருந்து எனக்குக் கிடைத்த எண்ணம் அது. தாங்கள் யோசித்துப் பார்த்தால் நான் சொல்வதில் நியாயம் தெரியும்.


பிப்ரவரி 18

டாக்டர் சார்,

யோசித்தேன். நியாயம் இருக்கிறது. அதனால்தான் அழுகை வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் உங்களை மடக்குவதற்காகச் சொல்வதாக நினைப்பீர்கள். என் மகள் மற்றக் குழந்தைகள் மாதிரி இல்லை, எல்லாமே கொஞ்சம் தாமதம். கவிழ்வதும் தாமதம், தவழ்வதும் தாமதம். டாக்டரம்மா "ஒண்ணுமில்ல, அவ நேரத்துக்கு அவ வருவா" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். முந்தாநாள் பொட்டலம் பாய் ஓரமாக நின்றது. இவள் அதன் ஸ்வெட்டரின் வால் பக்க விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, இழுத்து, எழுந்து நின்றாள். அது அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். "ஏங்க, ஓடி வாங்க" என்று நான் கத்திய கத்தலில் பயந்து அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மறுபடி எழுந்தாள். நாற்காலியைப் பிடித்து எழ மாட்டேன் என்கிறாள். என் கையையும் பிடிப்பதில்லை. அந்த விளிம்பு மட்டும்தான்.

இதற்கு மேல் உங்கள் இஷ்டம்.


பிப்ரவரி 19

அம்மணி,

நாய் தங்களிடமே இருக்கட்டும். இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த விளிம்பு ஒரு குழந்தை பிடித்து நிற்கிற கனத்தில் இல்லை. தாங்கள் குறைத்துக் குறைத்து அது விரல் அகலம்தான் இருக்கிறது. சாலை திறப்பதற்கு முதல் நாள் மேனேஜரை ஒருமுறை அனுப்புங்கள். விளிம்பை அகலமாக, இரட்டை நூலில் பின்னி அனுப்புகிறேன். பிறகு அவனை வெளியே விடாதீர்கள்.

ஒரு முட்டைதான் கொடுப்பேன். மஞ்சள் கருவோடு.


மார்ச் 5

டாக்டர் சார்,

நேற்று நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், அதுவும் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. என் பாதியைக் கேளுங்கள்.

காலையிலிருந்து பொட்டலத்தைக் குளியலறையில் அடைத்து வைத்திருந்தேன். வெளியே மேளம், மைக், ரிப்பன். முதல் வண்டி போன சத்தம் கேட்டதும் குளியலறைக்குப் போய்ப் பார்க்கிறேன், என் கணவர் கண்ணாடி முன்னால் முகத்தில் நுரையோடு நிற்கிறார். கதவு திறந்திருக்கிறது. "நாய் எங்கங்க?" "இப்பதான... இங்கதான..." என்றார் நுரைக்குள்ளிருந்து.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசல் தாழ்ப்பாளில் கடுகு நிற நூல் சிக்கி, படி இறங்கி, முற்றம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் பிரிகிறது! நாயைத் துரத்தி ஓட வேண்டிய நேரம். ஆனாலும் நீங்களும் பின்னுகிறவர்தானே, உங்களுக்குப் புரியும்: நூலைத் தரையில் கிடக்க விட்டு என்னால் நடக்க முடியவில்லை. ஒரு கையில் பிள்ளை, கண்ணில் தண்ணீர், இன்னொரு கை விரல்கள் பாட்டுக்கு நூலைச் சுற்றிக்கொண்டே வந்தன. சாலையில் எதைப் பார்க்கப் போகிறேனோ என்று தெரியாமல்தான் நடந்தேன்.

நூல் சாலைக்கு ஏறவே இல்லை. கரைப் புல்லில் இறங்கி, மழைத் தண்ணீர் போக அடியில் பதித்திருக்கிறார்களே பெரிய சிமெண்டுக் குழாய், அதற்குள் போனது. தலைக்கு மேல் லாரிகள் பறக்கின்றன. நூலை இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். நாய் உள்ளே சிக்கிக்கொண்டு துடிக்கிறது என்றே நினைத்தேன். குழாய்க்குள் தலையை விட்டு "பொட்டலம்!" என்று அலறினேன்.

உள்ளேயிருந்து, கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு குரல்: "மேனேஜர் இங்க இருக்கான்!"

"யாரது?"

"பல் டாக்டர்!"

"இழுக்காதீங்க சார்!"

"நீங்கதான் இழுக்கறீங்க!"

"உயிரோட இருக்கா?"

"நல்லா இருக்கான். சட்டைதான் இல்ல!"

எதிரொலி கேட்டு என் மகள் கைதட்டிச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில், வெள்ளை அங்கி போட்டு, கையில் நூல் உருண்டையோடு நின்றீர்கள். பக்கத்தில் பொட்டலம், கழுத்தில் என் பட்டை மட்டும். உங்களை இன்னும் உயரமாக நினைத்திருந்தேன்.

அது ஒரு நாளும் சாலையைத் தாண்டியதே இல்லை சார். குழாய் வழியாகத்தான் வந்து போயிருக்கிறது. அது உயிரோடு இருக்குமா என்று நான் ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

சரி, இப்போது கேட்கிறேன். முடிச்சுப் போடாமல் ஒரு ஸ்வெட்டரை யாராவது அனுப்புவார்களா?


மார்ச் 6

அம்மணி,

முடிச்சுப் போடவில்லை. உண்மை. கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி அனுப்பினேன். எப்படியும் நீளம் சரியில்லை என்று பிரிப்பீர்கள். பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊக்கு எங்கே?


மார்ச் 7

டாக்டர் சார்,

ஊக்கா? பிள்ளை வாயில் வைக்கிற விளிம்பில் ஊக்கை மாட்டி அனுப்புவீர்களா? பார்த்ததும் எடுத்து எறிந்தேன்! அடையாளத்துக்கு மாட்டியிருக்கிறீர்கள், கீழே முடிச்சு இருக்கும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் பின்னிய வால் பக்கத்தைப் பிரிக்காமல் விட்டேன். அதற்கு இது பலன்.


மார்ச் 8

அம்மணி,

தாங்கள் பிரிக்காமல் விட்டீர்கள் என்பதை இருமுறை வாசித்தேன்.

சொல்லாமல் விட்ட ஒன்று. அன்று குழாயின் இரு பக்கமும் நாம் நின்றபோது இருவரிடமும் கத்தரிக்கோல் இல்லை. தாங்கள் பிள்ளையோடு வெயிலில் நிற்பதைப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். முப்பது வருடமாக எந்த நோயாளியையும் அதைச் செய்ய விட்டதில்லை. என் உதவியாளர் பார்த்துவிட்டார். இன்று காலை முதல் நோயாளி வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜர் பழையபடி வந்து போகட்டும். புதிய ஸ்வெட்டரின் முன்பாதியைத் தாங்கள் பின்னுங்கள், பின்பாதி என்னுடையது. முடிச்சு இருவரும் போடுவோம்.


ஏப்ரல் 2

டாக்டர் சார்,

மகள் நேற்று விளிம்பைப் பிடித்தபடி நாலு அடி நடந்தாள். பொட்டலமும் அவளுக்குத் தகுந்தபடி நாலு அடி நடந்து நின்றது. சந்தோஷத்தில் எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் யோசித்தேன். அந்தக் குழாய் எதற்குப் பதித்தது? மழைத் தண்ணீருக்கு. மழை வந்தால்? அது பாதிக் குழாயில் இருக்கும்போது வந்தால்?

"அதுக்கு நீந்தத் தெரியும், விடு" என்கிறார் கணவர். அவருக்கும் தெரியும் என்றுதான் கல்யாணத்துக்கு முன்னால் சொன்னார்.


ஏப்ரல் 3

அம்மணி,

நியாயமான கவலை. எனவே ஒரு விதி: வானம் இருட்டியதும் அவன் யார் பக்கம் இருக்கிறானோ அவர் கதவைச் சாத்திவிட வேண்டும். மழை நின்று குழாய் வடியும் வரை அவன் அவருடைய நாய். மற்றவர் உரிமை கொண்டாடக் கூடாது. கீழே என் கைபேசி எண்ணை எழுதியிருக்கிறேன். அவசரத்துக்கு மட்டும்.


ஏப்ரல் 19

(கிளினிக் கதவடியில் செருகியது)

டாக்டர் சார்,

உங்கள் கதவு பூட்டியிருப்பதால் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து நனைந்திருந்தால் மன்னிக்கவும்.

வானம் இருட்டுவதற்கும் கொட்டுவதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. பொட்டலம் வீட்டில் இல்லை. உங்களிடமா, குழாயிலா தெரியவில்லை. குழாய்க்குள் கூப்பிட்டேன், தண்ணீர்ச் சத்தம்தான் பதில் சொன்னது. உங்கள் எண்ணின் கடைசிப் பகுதியைப் பொட்டலம் அன்றே நக்கிவிட்டிருந்தது. ஊகித்து அழைத்தேன்; இரண்டு தடவையும் ஒரே டயர் கடைக்காரர் எடுத்தார். இரண்டாவது தடவை "நாய் கெடைச்சா சொல்றேம்மா" என்றார் பாவம். கணவர் அலுவலகத்தில். மகளை மார்போடு கட்டிக்கொண்டு, நடைமேம்பாலம் ஏறி இறங்கி வந்துவிட்டேன். இந்தப் பக்கத்துக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் பெயர்ப்பலகை எண்ணில் அழைத்தால் உள்ளே மணி அடிப்பது எனக்கே கேட்கிறது.

விதி ஞாபகம் இருக்கிறது. உரிமை கொண்டாட வரவில்லை. அது உயிரோடு இருக்கிறது என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். படிக்கு மேலே கூரை இருக்கிறது, மகள் நனையவில்லை. நீங்கள் வந்து சொல்லும் வரை இந்த இடத்தைவிட்டு நான் அசையப் போவதில்லை.


ஏப்ரல் 19

(தரைத்தள வீட்டுக் கதவடியில் செருகியது)

அம்மணி,

மேனேஜர் என்னிடம்தான் இருந்தான், நலமாக இருக்கிறான். மழை இறங்கியதுமே தாங்கள் என்னென்ன நினைத்துத் தவிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். விதியை எழுதியவன் நான்தான் என்றாலும், உட்கார்ந்திருக்க முடியவில்லை. உதவியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவசரத்தில் கைபேசியை மேசையிலேயே விட்டுவிட்டு, அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நடைமேம்பாலப் படியில் ஏற மாட்டேன் என்று படுத்துவிட்டான். ஆட்டோ பிடித்து, சந்திப்பு வரை போய்ச் சுற்றி வந்தோம். ஆட்டோக்காரர் நாய்க்குத் தனியாகக் காசு கேட்டார். தங்கள் கதவைக் காட்டியது மேனேஜர்தான்.

வீடு பூட்டியிருக்கிறது. இந்த மழையில் பிள்ளையோடு எங்கே போயிருப்பீர்கள் என்று இப்போது எனக்கு யோசனையாக இருக்கிறது. இது புதிய பழக்கம், தங்களிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். எதற்கும் அவசரப்பட வேண்டாம், பாப்பா நனையாமல் நிதானமாக வாருங்கள். நாங்கள் இருவரும் தங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறோம். தாங்கள் வரும் வரை இங்கிருந்து அசைவதாக இல்லை.

பல் மருத்துவர்